நிம்தார் வளைவில் இறங்கியவள்

கோவில்பட்டியில் கடலை மிட்டாய்ப் பட்டறையில் பாகுக்குப் பதம் பார்க்கிற செண்பகவல்லி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக விமானம் ஏறியது ஊர் பார்க்க அல்ல, சாமி பார்க்கவும் அல்ல, கட்டின புருஷனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வருவதற்காக. கேள்வி சின்னது. "வாரீகளா, இல்லையா?" அவ்வளவுதான். அதைப் போனில் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இசக்கிராஜ், மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடுகிற வேலைக்கு, ஒரு வருஷத்தில் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லி வடக்கே நிம்தார் பள்ளத்தாக்குக்குப் போனவன். ஆறு வருஷம் ஆயிற்று. மாதம் தவறாமல் பணம் வந்தது, பொங்கலுக்குச் சேலை வந்தது, ஆள் மட்டும் வரவில்லை. எப்போது கேட்டாலும் "பாப்போம்" என்பான். அந்தப் பாப்போமில் கோபம் இருக்காது, பொய் இருக்காது, வேறொரு பெண்ணின் வாடையும் இருக்காது. இருந்திருந்தால்கூட அவள் சண்டை போட்டு முடித்திருப்பாள்.

கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு நீட்டுகிறவர்கள் அவள் முன்னால் வந்ததும் கொஞ்சம் தயங்கி, பிறகு நீட்டினார்கள். அந்தத் தயக்கம்தான் அவளைத் தின்றது. வாசல் கேட் கிரீச்சிட்டால் கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள், உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாமல் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடந்தாள், பாகு கொதிக்கும்போதுகூட ஒரு காலை வாசல் பக்கமாக வைத்துக்கொண்டுதான் நின்றாள். "எத்தனை நாளைக்கு இப்படி வாசலையே பாத்துக்கிட்டு இருப்ப? நேர்ல போயி ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்துரு" என்று அவள் தம்பி சொன்னான். மதுரைக்கு ஒரு பஸ், டெல்லிக்கு ஒரு பெரிய விமானம், அங்கிருந்து நிம்தாருக்கு இரண்டு பக்கமும் காற்றாடி வைத்த ஒரு சின்ன விமானம். வருகிற நாளை மட்டும் இசக்கிராஜுக்குப் போனில் சொல்லியிருந்தாள்.

சின்ன விமானத்தில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் நோர்பு என்கிற நிம்தார்க்காரர், ஆப்ரிகாட் பழத் தோட்டம் வைத்திருப்பவர், மடியில் ஒரு புதுப் பம்புசெட் மோட்டாரின் பெல்ட்டை வளையல் மாதிரி சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் இருக்கையில் லீவு முடிந்து மலைக் காவலுக்குத் திரும்புகிற ஹவில்தார் அந்தோணிராஜ், திண்டுக்கல்காரர். அவள் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்த வாசனையில் தலையை முன்னால் நீட்டி, "தங்கச்சி கோவில்பட்டியா?" என்று கேட்டவர். பணிப்பெண்ணின் பெயர் லால்ரின். மிசோரம் பெண், சென்னையில் நான்கைந்து வருஷம் வேலை பார்த்ததால் தமிழ் பேசினாள், எல்லாரையும் அக்கா அண்ணா என்றாள்.

மலைகள் வந்தபோது காது அடைத்தது. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் பாறை, இறக்கையின் நுனி இரண்டுக்கும் நடுவே ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி நுழைந்து நுழைந்து போயிற்று. பிறகு சட்டென்று பள்ளத்தாக்கு திறந்துகொண்டது. கீழே ஆப்ரிகாட் மரங்கள் வெள்ளையும் ரோஸுமாகப் பூத்துக் கிடந்தன, மண் வீடுகளின் தட்டைக் கூரைகளில் ஆட்கள் தெரிந்தார்கள், ஆற்றங்கரையில் ஒரு சாம்பல் நிறப் பட்டைபோல ஓடுதளம் கிடந்தது, அதன் வேலிக்கு வெளியே மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருத்தன் நின்றான். நிற்கிற தோரணையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காலைத் தளர்த்தி, இடுப்பில் ஒரு கை. ஆறு வருஷமாக எந்த பஸ் ஸ்டாண்டுக்கும் வந்து நிற்காத மனுஷன், வந்து நின்றுகொண்டிருந்தான்.

விமானம் சக்கரத்தை நீட்டியது, தணிந்தது, ஓடுதளத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு தென்னை மர உயரம் மிச்சம் இருந்தபோது, அதற்குமேல் இறங்கவில்லை. நிலத்தைத் தொடாமல் ஓடுதளத்தின் நீளம் முழுக்கப் போய், மறுமுனையில் மேலேறி, பள்ளத்தாக்கை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வந்தது. மறுபடியும் அதே தென்னை மர உயரம். சாயங்காலம் வரை அப்படியே சுற்றியது. விமானி தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து இந்தியில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு அண்ணே?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"எஞ்சின் நல்லா இருக்காம். காத்து நல்லா இருக்காம். ரன்வேயும் காலியாத்தான் கெடக்காம். ஆனா எறங்க மாட்டேங்குதாம்" என்றார் அந்தோணிராஜ்.

"ஏனாம்?"

"அது அவருக்கும் தெரியலையாம். எதுக்கும் பெல்ட்டைப் போட்டுக்கச் சொல்றாரு."

பொழுது விழுந்தது, விடிந்தது, விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்ரோல் முள் நின்ற இடத்திலேயே நின்றது. முள் கெட்டுப்போயிருக்கும் என்றார் ஒருவர், கெட்டுப்போன முள்ளை நம்பித்தானே இத்தனை நேரம் பறக்கிறோம் என்றார் இன்னொருவர், அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. செல்போன்கள் சார்ஜ் தீர்ந்து ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. அதற்குப் பிறகு நாட்களை யாரும் எண்ணவில்லை.

நிம்தார்க்காரர்கள் முதல் நாள் கூரைகளில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள், மறுநாள் களையெடுத்துக்கொண்டே பார்த்தார்கள், அதற்குப் பிறகு பார்க்காமலே அதை வைத்துக் காரியம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். விமானத்தின் நிழல் பள்ளிக்கூடத்து முற்றத்தைக் கடந்தால் மணி அடித்தார்கள். நிழல் விழாத பக்கமாகப் பார்த்துக் கம்பளி காயப்போட்டார்கள். அழுகிற கைக்குழந்தைகளை அந்த உறுமல் வருகிற நேரத்துக்கு வாசலில் கொண்டுவந்து தோளில் போட்டால் தூங்கிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். மேலூர் வயல்களில்தான் நிழல் அதிகம் விழுகிறது, அவர்கள் பார்லிக்குத்தான் குளிர்ச்சி என்று கீழூர்க்காரர்கள் வழக்குக் கொண்டுபோனார்கள்; ஊர்த் தலைவர் இரு தரப்பையும் உட்காரவைத்து, நிழலை வாங்குகிறவர்கள் வாய்க்கால் தண்ணீரில் ஒரு மடை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார், அது நடந்தது. தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து அண்ணாந்து பார்த்தார். இறங்குகிற விமானத்துக்கும் விழுகிற விமானத்துக்கும் விதி இருக்கிறது, சுற்றுகிற விமானத்துக்கு இல்லை என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

பள்ளத்தாக்கின் வடகோடியில், மலைத் தோளின் மேல் ஒரு வெள்ளைக் கோயில். அங்கேதான் விமானம் ஒரு இறக்கையைச் சாய்த்துத் திரும்ப வேண்டும். அந்த வளைவில் அதன் வேகம் தளர்ந்து, வயிறு பார்லிக் கதிர்களை உரசுகிற அளவுக்குத் தாழ்ந்துவிடும். அந்தக் கோயில்மேட்டுப் பெண்கள் ஒருநாள் நீளமான கம்பின் நுனியில் ஒரு கூடையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். லால்ரின் பின்கதவைத் திறந்தாள், கையை நீட்டினாள், கூடை உள்ளே வந்தது. உள்ளே ரொட்டியும், உலர்ந்த ஆப்ரிகாட்டும், பிளாஸ்க்கில் வெண்ணெய்த் தேநீரும் இருந்தன. அடுத்த சுற்றில் காலிக் கூடையைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அது தினப்படி ஆயிற்று. கூடையோடு அழுக்குத் துணிகள் கீழே போயின, துவைத்து மடித்து மேலே வந்தன. எலுமிச்சை ஊறுகாய் வந்தது, சீட்டுக்கட்டு வந்தது, யாரோ ஒரு புண்ணியவதி எல்லாருக்கும் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பினாள். பெல்ட் போடச் சொல்லும் சிவப்பு விளக்கு மட்டும் எப்போதும் எரிந்துகொண்டிருந்தது; யாரும் பெல்ட் போடவில்லை, விளக்கை அணைக்கச் சொல்லவும் இல்லை.

இசக்கிராஜ் முதலில் வேலியோரம் சும்மா நின்றான். விமானம் தலைக்கு மேல் வரும்போது ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினான். அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சுரங்கத்து வேலையாட்கள் அவனுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் போகவில்லை என்று கண்டதும் வேலிக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம் போட்டுத் தந்தார்கள். தேநீர்க் கடை ஒன்று தானாகவே அங்கே முளைத்தது. பிறகு ஒருநாள் அவன் ஓடுதளத்துக்கு மேலே இருந்த சரிவில் கற்களைப் பொறுக்கி வரிசையாக வைக்க ஆரம்பித்தான். சுரங்க வேலையாட்களின் முகாமிலிருந்து சுண்ணாம்பு கொண்டுவந்து ஒவ்வொரு கல்லுக்கும் வெள்ளையடித்தான். ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது, வளைந்தது, சுழித்தது. அந்தோணிராஜ் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"சாப்... டியா. சாப்டியாங்கிறாரு தங்கச்சி."

செண்பகவல்லி வெகுநேரம் அதைப் பார்த்தாள். விமானம் ஒரு சுற்று போய் வந்தது, மறுபடி பார்த்தாள். கையிலிருந்த ரொட்டியை ஜன்னலில் தூக்கிக் காட்டினாள். கீழே அவன் ஹெல்மெட்டை வானத்தில் வீசி எறிந்து பிடித்தான். நோர்பு என்ன என்று கேட்டார், அந்தோணிராஜ் சொன்னார், அது வரிசை வரிசையாக இந்தியிலும் மலைப் பேச்சிலும் போய்க் கடைசி இருக்கை வரை சேர்ந்தது, எல்லாரும் சிரித்தார்கள், புதுசாகக் கல்யாணம் ஆகி வந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தச் சிரிப்பில் செண்பகவல்லிக்குக் கண் நிறைந்தது, ஏனென்றால் வீட்டோடு இருந்த காலத்தில் இசக்கிராஜ் அந்த வார்த்தையை ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை. தட்டைப் போட்டால் தின்பான், எழுந்து கைகழுவுவான், சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போவான். இப்போது அவன் கல்லில் கேட்டான்: குளுருதா. தூங்குனியா. முழங்கால் வலி எப்படி. நீலச் சேலை நல்லாருக்கு. நிம்தார்க்காரர்கள் எழுத்துத் தெரியாமலே அவனுக்குக் கல் சுமந்தார்கள். இவ்வளவு சிரத்தையாக ஒருத்தன் வைக்கிற கல் சாமிக்குத்தான் இருக்கும் என்று அவற்றைச் சுற்றி நடந்து கும்பிட்டார்கள், ஓரத்தில் கொடி கட்டினார்கள். "குளுருதா"வைக் கலைத்துவிட்டு வேறு எழுதலாம் என்று அவன் போனபோது கிழவர்கள் விடவில்லை, அவன் வேறு சரிவு தேடிப்போக வேண்டியதாயிற்று. இப்படியே பள்ளத்தாக்கின் சரிவெல்லாம் கோவில்பட்டி வீட்டுக்குள் பேசப்படாமல் போன பேச்சுகளால் நிறைந்தது.

அவளும் அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்து, அதற்கு அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்து, பூவெல்லாம் உதிர்ந்து காய் பிடித்ததுகூடத் தெரியாமல் இருந்தாள். ஆனால் அவள் வந்தது இதற்கு இல்லை என்பது முள் மாதிரி உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் அந்தப் புதுப்பெண்ணிடம் லிப்ஸ்டிக்கை வாங்கி, கண்ணாடியின் உள்பக்கத்தில், வெளியே நேராகத் தெரியும்படி இடவலம் மாற்றி, ஒவ்வோர் எழுத்தாக நிதானித்து எழுதினாள்: வாரீகளா. விமானம் தாழ்ந்து போகையில் அவன் அதைப் பார்த்தான். பார்த்தான் என்பது நிச்சயம், ஏனென்றால் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அன்று மாலைக்குள் புதுக் கற்கள் வைக்கப்பட்டிருந்தன.

"என்ன எழுதிருக்கு அண்ணே? எனக்குக் கண்ணு கலங்குது."

அந்தோணிராஜ் மூக்கைக் கண்ணாடியிலிருந்து எடுத்தார். "காது வலிக்குதான்னு கேட்டிருக்காரு."

அன்றிலிருந்து அவளால் உட்கார முடியவில்லை. விமானத்தின் முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் நடந்தாள், காலையில் நடந்தாள், மத்தியானம் நடந்தாள், நடைபாதையின் கம்பளம் அவள் கால் பட்ட இடத்தில் நூல் பிரிந்தது. தெருவில் மாடு வந்தால் ஒதுங்குகிற மாதிரி எல்லாரும் அவள் வருகிற சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தாமலே கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

மற்றவர்கள் அமர்ந்துவிட்டார்கள். நோர்பு முதலில் ஜன்னலை அடித்து அடித்துக் கத்தியவர்தான், அங்கே மருந்தடி, இங்கே கிளையை வெட்டு என்று. தம்பியும் மனைவியும் அவர் இல்லாமலே காய் பறித்து, கூரைகளில் உலரவைத்து, மூட்டை கட்டி லாரியில் ஏற்றியதை மேலிருந்தே முழுக்கப் பார்த்தபிறகு, கத்துவதை விட்டுவிட்டார், பம்புசெட் பெல்ட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். புதுத் தம்பதி கடைசி வரிசையில் போர்வையைத் திரையாகக் கட்டிக் குடித்தனம் வைத்தார்கள். அந்தோணிராஜ் சீட்டாட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எறங்கணும்னு தோணலியா அண்ணே?"

"எறங்கி எங்க போக? ஊர்ல இருந்தா வீட்டுல ஒரு பிடுங்கல். போஸ்ட்டுக்குப் போனா பனி. இங்க ரெண்டும் இல்ல பாருங்க. சோறு வருது, துணி துவைச்சு வருது" என்றார் அவர், சீட்டைக் கலைத்துக்கொண்டே.

பார்லி மஞ்சளாகிச் சாய்ந்து, அறுவடை நடந்துகொண்டிருந்த சமயத்தில், விமானி மறுபடி வெளியே வந்தார். அவர் மட்டும்தான் இன்னும் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை நீட்டி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர். சக்கரம் நீளுகிற சத்தத்தில் மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று புகார் வந்திருந்தது. நல்ல மனிதர், எல்லாரையும் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். இறங்க முயற்சி செய்துகொண்டே இருக்கவா, கொஞ்ச நாள் விட்டுப் பிறகு பார்க்கவா? வரிசை வரிசையாக எல்லாரும் ஏதோ முனகினார்கள், தோளைக் குலுக்கினார்கள், கொட்டாவி விட்டார்கள்.

"என்ன சொல்லுதாக எல்லாரும்?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"பாப்போம்கிறாங்க" என்றார் அந்தோணிராஜ்.

அவள் தன் இருக்கைக்குப் போனாள். மேல் தட்டிலிருந்து பையை இறக்கினாள். கம்பளிக் காலுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகினாள். விமானம் வடகோடிக்குத் திரும்புகிற நேரம்; லால்ரின் காலிக் கூடையோடு பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கதவைத் திறம்மா. நான் எறங்கிக்கிடுதேன்."

"அக்கா, பெல்ட் லைட் எரியுது."

"எரியட்டும்."

"இங்க ஸ்டாப் இல்ல அக்கா. நிக்காது."

"எங்க ஊரு மினி பஸ்ஸு எந்த ஸ்டாப்புல நின்னுருக்கு? வளைவுல மெதுவாப் போவான், நாங்களே எறங்கிக்கிடுவோம்."

பின்னாலேயே வந்துவிட்ட அந்தோணிராஜ், "தங்கச்சி, இது ஏரோப்ளேன்" என்றார்.

"வளைவுல வேகம் கொறையுதா இல்லையா?"

அவர் குனிந்து வெளியே பார்த்தார். குறைந்துகொண்டுதான் இருந்தது. பிறகு அவளுடைய பையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, "போற பக்கமே பாரு. இடது காலை முதல்ல வையி. காலு பட்டதும் நிக்காத, கூடவே ஓடு. பையை நான் போடறேன்" என்றார்.

"நீங்களும் வாங்களேன் அண்ணே."

"நான் இன்னொரு சுத்து பாத்துட்டு..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து, மீதியைச் சொல்லாமல் விட்டார்.

கதவு திறந்தது. அறுத்த பார்லித் தாளின் மணம் குப்பென்று உள்ளே வந்தது. கோயில்மேடு ஒரு தெரு மாதிரி பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, கம்பும் கூடையுமாகப் பெண்கள் நின்றார்கள், அவள் கைப்பிடியை விட்டு இடது காலை வைத்தாள், அடுத்த காலை வைத்தாள், விமானத்தின் கூடவே மேட்டின் நீளம் முழுக்க ஓடினாள், காற்று சேலையைப் பிய்த்தது, கோழிகள் சிதறின, களத்தில் கதிர் மிதிக்கப் பிணையல் கட்டியிருந்த யாக் மாடுகள் ஒதுங்கின, ஓடி ஓடி வேகம் தீர்ந்தபோது ஒரு வைக்கோல் போரில் முகம் பதிய விழுந்தாள். பை அவளுக்குப் பின்னால் வந்து விழுந்தது. ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள், இன்னொருத்தி தலையிலிருந்த தூசியைத் தட்டினாள், மூன்றாமவள் காலிக் கூடை வரவில்லையே என்று கையைக் காட்டிக் கேட்டாள். யாரும் வேறு எதையும் கேட்கவில்லை. மேலே போனவர்கள் கீழே வருவார்கள்தானே. செண்பகவல்லி உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். அது அதிரவில்லை. இவ்வளவு நாளும் எல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மேட்டிலிருந்து ஓடுதளத்துக்கு இறங்குகிற பாதை "தூங்குனியா"வின் ஓரமாகப் போயிற்று. பக்கத்தில் பார்த்தால் எழுத்து தெரியவில்லை, வெறும் வெள்ளைக் கற்கள், சில கற்களின்மேல் யாரோ வைத்த ஆப்ரிகாட்டுகள். வேலியோரத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளைக் கண்டதும் எழுந்து வழி விட்டார்கள்.

இசக்கிராஜ் அங்கேதான் நின்றான். இவ்வளவு காலமும் அவனை மேலிருந்து மட்டுமே பார்த்திருந்தவள் இப்போதுதான் பக்கவாட்டில் பார்த்தாள். தாடி வளர்ந்திருந்தது, அதில் பாதி நரை. கழுத்து பின்னால் மடங்கி, முகம் வானத்தைப் பார்த்தபடியே இறுகிப்போயிருந்தது; அந்த நிலையிலேயே தேநீர் குடிக்கப் பழகியிருந்தான் போல, மார்பெல்லாம் தேநீர்க் கறை. அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவன் திரும்பவில்லை. யாரோ ஊர்க்காரர் என்று நினைத்து இந்தியில் ஏதோ சொல்லிக் கையால் தள்ளி நிற்கும்படி காட்டினான்.

விமானம் வந்தது. கீழேயிருந்து பார்க்க அது எவ்வளவு சின்னது. அவளுடைய ஜன்னலில் ஓர் உள்ளங்கை ஒட்டியிருந்தது. வளையல் நிறையப் போட்ட கை, அந்தப் புதுப்பெண் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். இசக்கிராஜ் ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினான். அப்போது அவன் முகம் மலர்ந்ததைச் செண்பகவல்லி ஒரு முழம் தூரத்தில் நின்று பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை.

"ஏங்க" என்றாள்.

"ம்" என்றான் அவன், மேலே பார்த்தபடி.

"ஏங்க, இங்க இருக்கேன்."

விமானம் போய்விட்டது. அவன் கையில் ஹெல்மெட் அப்படியே நின்றது. அவள் இரண்டு கைகளாலும் அவன் கன்னத்தைப் பிடித்து, பாகுச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குகிற பக்குவத்தில், மெதுவாக முகத்தைக் கீழே இறக்கினாள். கழுத்து எலும்பு சடசடத்தது. அவன் வலியில் கண்ணை மூடி, திறந்து, அவளைப் பார்த்தான். வெகுநேரம், தூரத்தில் இருந்த ஒன்று சட்டென்று கிட்டத்தில் வந்தால் எப்படிக் கண் தடுமாறுமோ அப்படித் தடுமாறிப் பார்த்தான்.

"எப்ப எறங்குன?"

"இப்பத்தான். மேட்டுல."

"விழுந்துட்டியா? கையெல்லாம் சிராய்ப்பு."

"அது கெடக்கட்டும். வாரீகளா, இல்லையா?"

அவன் வாய் பழக்கத்தில் அந்தப் பழைய வார்த்தைக்குத் திறந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அவன் முகம் அவள் கைக்குள் இருந்தது, மேலே திருப்ப முடியவில்லை, தரையைப் பார்க்கவும் முடியவில்லை. வார்த்தை தொண்டை வரை வந்து திரும்பிப் போனது.

"உள்ள இருட்டு செண்பகம்" என்றான் கடைசியில். "சுரங்கத்துக்குள்ள. யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க. எனக்கு அது பழகிப்போச்சு. வீட்டுல வந்து உக்காந்தா என்ன பேசணும்னே எனக்குத் தெரியாது. அப்பவும் தெரியல, இப்பவும் தெரியல."

"கல்லுல எழுதுனது யாரு?"

"நாந்தான்."

"அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க. எனக்கு அது போதும்."

அவன் கண் நிறைந்தது. "அவனுக்கு நீ மேல இருக்கணும்" என்றான். "கீழ வந்தா அவன் இல்ல. நான் பொய் சொல்லல. இப்பப் பாரு, நீ பக்கத்துல நிக்க, என்ன கேக்கணும்னே வரமாட்டேங்குது."

தூரத்தில் விமானத்தின் உறுமல் மறுபடி கேட்டது. அவன் கழுத்து நரம்பு அவள் விரல்களுக்கு அடியில் தானாக மேலே இழுப்பதை அவள் உணர்ந்தாள்.

"அப்ப?"

"வரல" என்றான் இசக்கிராஜ். "நான் வரல செண்பகம்."

அவள் கைகளை எடுத்தாள். வேலியோரம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது, வாய்விட்டு அழுதாள், தேநீர்க் கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார். இசக்கிராஜ் பக்கத்தில் உட்கார்ந்தான். தொடவில்லை, எழுந்தும் போகவில்லை. அழுது முடித்ததும் பசித்தது. முகாமில் அவன் அறையில் சோறு பொங்கி, பருப்புக் கடைந்து, பூண்டு ஊறுகாயோடு கொண்டுவந்து வைத்தான். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஜீப் நிற்கிற இடத்துப் போனில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"கேட்டுட்டேன். வரலன்னுட்டாக."

தம்பி, திரும்பி வரப் பணம் இருக்கிறதா என்று கேட்டான்.

"நான் வாரேன்டா" என்றாள் அவள்.

இசக்கிராஜ் பையை ஜீப்பின் பின்னால் ஏற்றினான். கதவைச் சாத்தினான், சரியாகச் சாத்தவில்லை என்று மறுபடி திறந்து சாத்தினான். தலைக்கு மேலே விமானம் வந்துகொண்டிருந்தது, நிழல் ஜீப்பின் மேல் விழுந்து விலகியது, அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. ஜீப் கிளம்பி வளைவு திரும்புகிற வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்தது.

சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஒரு பக்கம் பனி வழிகிற சிகரம், மறுபக்கம் கீழே நூலாக ஆறு. இப்படி ஒரு அழகைப் பார்க்கத்தான் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள் என்று ஓட்டுநர் இந்தியில் சொல்லிக்கொண்டு வந்தார். செண்பகவல்லி தூங்கிவிட்டாள். வாசல் பக்கம் காதை வைக்காமல், ஒரு காலைத் தயாராக ஊன்றாமல், வாயைத் திறந்து, பட்டறையில் கடலை உடைக்கிற இயந்திரம் மாதிரி குறட்டை விட்டுத் தூங்கினாள். ஜீப்பில் இருந்தவர்களுக்கு அவள் விமானத்திலிருந்து இறங்கியவள் என்று தெரியும். ஓட்டுநர் பேச்சை நிறுத்தி, பாட்டையும் அணைத்தார். தேநீருக்கு நிறுத்தியபோது யாரும் அவளை எழுப்பவில்லை, ஆளுக்கொரு பக்கமாக ஓசைப்படாமல் இறங்கி ஓசைப்படாமல் ஏறினார்கள். பக்கத்தில் இருந்த ஆட்டு வியாபாரி, ஒவ்வொரு வளைவு வரும்போதும், அவள் தலை இரும்புக் கம்பியில் இடிக்காமல் இருக்கத் தன் உள்ளங்கையைக் கம்பியின்மேல் வைத்து, வளைவு கடந்ததும் எடுத்து, அடுத்த வளைவுக்கு மறுபடி வைத்துக்கொண்டே வந்தார்.